ஆசை கைமீறும்போது எந்த வாசலைத் தட்டுவது?

செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூருக்குப் போகும் வழியில் இருக்கிறது சாலவாக்கம். ஏரித் தண்ணீரும் நெல்லும் ஒருபக்கம், கல்குவாரியும் கிரஷரும் டிப்பர் லாரியும் மறுபக்கம். ஊரில் காவல் நிலையம் இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, எல்லார் சட்டைப் பையிலும் கைபேசி இருக்கிறது. இங்கே ஒருவருக்குத் தன் பாலியல் இச்சை தன் சொல்லைக் கேட்காமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். விடிய விடியக் கைபேசியில் ஆபாசப்படம். காலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இனித் தொடுவதில்லை என்று பிள்ளை தலைமேல் சத்தியம். அன்றிரவே மறுபடியும். அல்லது வாரக்கூலி கைக்கு வந்ததும் கால் தானாக வெளியூர் விடுதிப் பக்கம் நடக்கிறது. கடன் ஏறுகிறது, வேலை கெடுகிறது, வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. அவருக்கே அதில் இப்போது சுகம் இல்லை. அவர் யாரிடம் போவார்?

காவல் நிலையத்துக்குப் போக முடியாது. சுகாதார நிலையத்து வரிசையில் பக்கத்து வீட்டு அத்தை நிற்பார். மிஞ்சுவது, சுவரொட்டியிலும் கைபேசித் திரையிலும் வந்து ‘இளமையில் செய்த தவறு’ என்று மிரட்டும் வைத்தியர். எங்கள் கிராமங்களில் இந்த நோவு பெரும்பாலும் யாரிடமும் போய்ச் சேர்வதில்லை. அதற்கு முதல் காரணம் சொல் இல்லாமை.

குடிகாரன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘குடிநோயாளி’ என்ற சொல் வந்து உட்கார ஒரு தலைமுறை உழைப்பு தேவைப்பட்டது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் கணவரின் பெயரிலேயே சிகிச்சை மையம் தொடங்கினார். ஊர் ஊராகக் குடிநோயாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசும் கூட்டங்கள் வந்தன. இன்று சாலவாக்கத்தில் ஒரு மனைவி, “அவருக்கு அது வியாதி மாதிரி ஆயிடுச்சு” என்று குடியைப் பற்றிச் சொல்லிவிட முடியும். காமத்தைப் பற்றி அப்படிச் சொல்ல அவரிடம் ஒரு சொல்லும் கிடையாது. பொறுக்கி, காமவெறியன், அலையிறவன்: இருப்பவை எல்லாம் வசவுகள். பெண்ணுக்கு இதே நோவு வந்தால் இருக்கும் சொற்களை இங்கே எழுதவே கை கூசுகிறது. இதனால் நடப்பது என்னவென்றால், முற்றிலும் வேறான மூன்று விஷயங்கள் ஒரே வசவுக்குள் போய் விழுகின்றன. இயல்பான இச்சையைக் கண்டு பயந்து வெட்கப்படுவது ஒன்று. இச்சையின் மீது பிடி தளர்ந்துபோகும் நோய் இன்னொன்று. இன்னொரு உயிருக்குத் தீங்கு செய்யும் குற்றம் மூன்றாவது. முதலாவதற்கு வேண்டியது தைரியச் சொல், இரண்டாவதற்குச் சிகிச்சை, மூன்றாவதற்குச் சட்டம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் யார் எந்த வாசலைத் தட்டுவது என்று சொல்ல முடியும்.

பழையவர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குச் சாலவாக்கத்தின் பக்கத்து ஊர்களிலேயே கல்லில் எழுதிய சான்றுகள் இருக்கின்றன. மேற்கே உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் அங்கே வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை எல்லாப் பள்ளிப் புத்தகமும் பேசும். யார் வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்று அவை நீளமாகச் சொல்லும். கணக்குக் காட்டாதவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் என்று போகும் அந்தப் பட்டியலில் கூடாத உறவு கொண்டவர்களும் வருகிறார்கள். அவர்கள் பிராயச்சித்தம் செய்து சுத்தமானவர்களாகவே இருந்தாலும் ஆயுள் முழுக்க அவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடக் கூடாது. பொதுப் பொறுப்பைக் காக்க நினைத்த சபையின் கண்டிப்பு அது, அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் திருந்தியவருக்கும் திரும்பி வர வழியில்லை என்ற அந்த மனப்பான்மை கல்வெட்டோடு நின்றுவிடவில்லை. இன்றும் திண்ணைப் பேச்சில் அது உயிரோடு இருக்கிறது.

வடக்கே பாலாற்றங்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஓர் ஆதுலசாலையைப் பற்றிச் சொல்கிறது. நோயாளிகளுக்கு 15 படுக்கை, ஒரு மருத்துவர், ஓர் அறுவை வைத்தியர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள், ஓராண்டுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல், இவர்கள் எல்லாருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு. நோய் ஏன் வந்தது என்று அந்தக் கல் விசாரிப்பதில்லை. எந்த மருந்து எத்தனை அளவு என்றுதான் கணக்குப் போடுகிறது. இந்த இரண்டு கல்லும் நம் கல்தான்.

தமிழ் நினைவில் இந்த நோவுக்கு ஒரு பெரிய கதையும் உண்டு. அருணகிரிநாதரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை அது. இளமையில் பரத்தையர் வீடே கதி என்று கிடந்தார், சொத்தெல்லாம் கரைந்தது, உடம்பில் நோய் வந்தது, அப்போதும் விட முடியவில்லை. பணம் கேட்டு நின்ற தம்பியிடம், கொடுக்க இனி எதுவும் இல்லாத அக்கா சொன்ன ஒரு சொல் அவரை நொறுக்கியது. திருவண்ணாமலைக் கோபுரத்தின் மேலேறிக் கீழே குதித்தார், முருகன் கையில் ஏந்திக்கொண்டார் என்பது கதை. இதைப் பக்திக் கதையாக மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். ஒரு மனநல மருத்துவர் கேட்டால் அவர் காதில் வேறு சில விஷயங்களும் விழும்: நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாதது, கேடு வந்தபின்னும் தொடர்ந்தது, குடும்பம் உடைந்தது, வெட்கம் தாளாமல் உயிரை விடத் துணிந்தது. குதித்தவரை ஏந்திய கை ஒன்று இருந்ததால்தான் திருப்புகழ் நமக்குக் கிடைத்தது. உத்திரமேரூர் முருகனையும் அவர் பாடியிருக்கிறார்.

மருத்துவ உலகம் இதற்குப் பெயர் வைக்கத் திண்டாடிய கதை நாற்பது ஆண்டுக் கதை. அமெரிக்காவில் குடிநோயாளிகள் 1935இல் தொடங்கிய தன்னுதவிக் குழுக்களைப் பார்த்து, 1976இல் பாஸ்டனில் பாலுறவுக்கும் காதலுக்கும் அடிமையானவர்கள் தங்களுக்கென்று ஒரு குழு தொடங்கினார்கள். 1983இல் பேட்ரிக் கார்ன்ஸ் எழுதிய நூலால் ‘பாலியல் அடிமைத்தனம்’ என்ற சொல் பரவியது. உடனே சண்டையும் தொடங்கியது. போதைப்பொருள் எதுவும் உள்ளே போகாதபோது அடிமைத்தனம் என்பது சரியா? கை கழுவிக்கொண்டே இருப்பவரைப் போல இது ஒரு நிர்ப்பந்தமா? உந்துதலை அடக்க முடியாத கோளாறா? மார்ட்டின் காஃப்கா என்ற மருத்துவர் இதை அமெரிக்க மனநோய்க் கையேட்டில் சேர்க்க முறையாக முன்மொழிந்தார். 2013இல் வெளியான அதன் ஐந்தாம் பதிப்பில் அது இடம்பெறவில்லை. சான்று போதாது என்பது ஒரு காரணம். தப்பு செய்துவிட்டு நோய் என்று தப்பித்துக்கொள்ள வழி திறந்துவிடும் என்ற அச்சமும் அந்த விவாதத்தில் பலமாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் வேறு முடிவெடுத்தது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அதன் 11ஆவது நோய்ப் பட்டியலில், கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு என்று ஒரு நோய் சேர்க்கப்பட்டது. சூதாட்டமும் கணினி விளையாட்டும் அடிமைப் பழக்கங்களின் வரிசையில் வைக்கப்பட்டிருக்க, இதை மட்டும் உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்தார்கள். அதாவது வாக்குவாதம் முடியவில்லை என்பதை ஒப்புக்கொண்டே நோயாளிக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். அதை நான் மனிதாபிமானமுள்ள முடிவு என்றே நினைக்கிறேன்.

அந்த வரையறையைச் சற்று நின்று படிக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊருக்கு வேண்டிய பிரிவினை அதிலேயே இருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ இந்த நடத்தையே வாழ்க்கையின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு உடம்பையும் வீட்டையும் வேலையையும் மறக்கச் செய்கிறதா? நிறுத்தப் பலமுறை முயன்று தோற்றிருக்கிறாரா? கேடு கண்ணெதிரே வந்தும் தொடர்கிறதா? திருப்தியே கிடைக்காதபோதும் தொடர்கிறதா? இவற்றைத்தான் கேட்க வேண்டும். எத்தனை முறை என்ற எண்ணிக்கை முக்கியம் இல்லை. இச்சை அதிகம் உள்ளவர் எல்லாரும் நோயாளி இல்லை. விடலைப் பருவத்துப் பையனின் கைப்பழக்கம் நோய் இல்லை. கடைசியாக, பாவம் செய்துவிட்டோம் என்ற உறுத்தல் மட்டுமே துன்பத்துக்குக் காரணம் என்றால் அதையும் இந்த நோய் என்று சொல்லக் கூடாது.

இந்தக் கடைசி வாக்கியம் தமிழ்நாட்டுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக், விந்து வீணாகிறது என்ற அச்சத்தால் சோர்வு, பசியின்மை, உடல்வலி என்று வருகிறவர்களைக் கவனித்து அதற்குத் தாது நோய்க்குறி என்று பெயர் வைத்தார். நம் ஊரில் அதன் பெயர் நரம்புத் தளர்ச்சி. பத்திரிகை விளம்பரம், லாட்ஜ் அறையில் மாதம் ஒருநாள் முகாம், இப்போது யூடியூப். பயமுறுத்துவதுதான் முதலீடு. பாலுறவுத் திறனைப் பெருக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். எழுபது ஆண்டுகளாக அந்தச் சட்டம் இருக்கிறது, சுவரொட்டியும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டி விஜய் தொலைக்காட்சியின் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் நேயர்களின் சந்தேகங்களுக்குக் கூச்சமில்லாமல் பதில் சொன்னபோது, பல ஆயிரம் பேர் தங்களுக்கு வந்திருப்பது நோயே இல்லை என்று முதன்முறையாகக் கேட்டிருப்பார்கள். அவருக்குப் பிறகு அந்த நாற்காலி காலியாகவே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜோஷுவா கிரப்ஸும் அவருடைய குழுவினரும் இதையே வேறு கோணத்தில் காட்டினார்கள். தான் ஆபாசப்படத்துக்கு அடிமை என்று ஒருவர் நம்புவதை, அவர் எவ்வளவு பார்க்கிறார் என்பதைவிட, அதை எவ்வளவு பெரிய பாவமாகக் கருதுகிறார் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. கடும் மதப்பற்றுள்ளவர் மாதம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன்னை அடிமை என்கிறார். இதைச் சொன்னவுடன், அப்படியானால் எல்லாமே வெறும் மனப்பிரமைதான் என்று சிலர் கையை உதறுகிறார்கள். அதுவும் தவறு. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 2,325 பேரைக் கேட்டது. பாலியல் உந்துதலை அடக்க முடியாமல் அல்லல்படுவதாகச் சொன்னவர்கள் ஆண்களில் 10.3 சதவீதம், பெண்களில் 7 சதவீதம். அத்தனை பேரும் நோயாளிகள் இல்லை. ஆனால் பெண்களின் எண்ணிக்கை ஆண்களுக்கு இவ்வளவு அருகில் வரும் என்று அதுவரை பலர் எதிர்பார்த்திருக்கவில்லை. 42 நாடுகளில் 82,243 பேரிடம் எடுத்து 2023இல் வெளியான கணக்கெடுப்பு, நோய்க்கான வாய்ப்பு மிகுந்தவர்களை 5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக மதிப்பிட்டது. அவர்களில் சிகிச்சை தேடிப் போனவர் ஏழில் ஒருவர்தான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? 2014இல் கேம்பிரிட்ஜில் வலேரி வூன் குழுவினர், இந்தத் தொல்லை உள்ள 19 ஆண்களையும் இல்லாத 19 ஆண்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துப் படங்கள் காட்டினார்கள். தொல்லை உள்ளவர்களின் மூளையில், போதைப்பொருள் சாதனங்களைக் கண்ட போதையாளரின் மூளையில் விழிக்கும் அதே இடங்கள் கூடுதலாக விழித்தன. அவர்களுக்கு வேட்கை கூடியது, ஆனால் கண்டதில் கிடைத்த இன்பம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. தாகம் ஏறிக்கொண்டே போகிறது, தண்ணீரில் ருசி இல்லை. மறுப்பும் உண்டு. நிக்கோல் ப்ராஸ் என்ற ஆய்வாளர் மூளை மின்னலைகளை அளந்து, அடிமைத்தனம் என்றால் இருக்கவேண்டிய குறி இதில் இல்லை என்றார். இந்த வழக்கில் அறிவியல் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை.

ஆனால் மூளைக்கு இதில் பங்கு உண்டு என்பதை ஐயமில்லாமல் காட்டுவது வேறொரு நோயின் மருந்து. பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் மூளையில் டோபமினின் வேலையைச் செய்கின்றன. 2010இல் வெளியான ஆய்வில் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளில் 3.5 சதவீதம் பேருக்குக் கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை வந்திருந்தது. வாழ்நாள் முழுக்க ஒழுக்கமாக இருந்த எழுபது வயதுத் தாத்தா, மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் வேறு ஆளாகிவிடுகிறார். மருந்தைக் குறைத்தால் பலருக்கு அடங்கிவிடுகிறது. வீட்டில் இதை அறியாதவர்கள், வயசான காலத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று அவரைக் கொல்லைப்புற அறைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். இருதுருவ மனநோயின் உச்சத்திலும், மூளையின் முன்பகுதி தேயும் மறதி நோயிலும் இதே போல நேரலாம். வயது ஏறியபின் திடீரென்று ஒருவர் இப்படி மாறினால் வசவுக்கு முன்னால் அவர் சாப்பிடும் மாத்திரையைப் பாருங்கள்.

இளம் வயதிலிருந்தே தொடரும் தொல்லையில் பார்க்கவேண்டியது வேறு. அதை மனவடு என்பேன். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயத்தைப் பற்றித் தமிழில் எழுதியபோது கையாண்ட சொல் அது. புண் ஆறிவிடும், வடு ஆறாது.

1998இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் சான் டியாகோவில் ஃபெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்கள் பெரியவர்களிடம் அவர்களுடைய பிள்ளைப்பருவத்தைக் கேட்டார்கள். அடி, புறக்கணிப்பு, பாலியல் கொடுமை, வீட்டில் குடிகாரர், சிறைக்குப் போனவர். இவற்றில் நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களிடம், எதையும் அனுபவிக்காதவர்களைவிட, குடிநோயும் போதையும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் 4 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தன. ஐம்பதுக்கு மேற்பட்டவர்களோடு உடலுறவு கொண்டிருப்பதும் பால்வினை நோயும் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை கூடியிருந்தன. கொடுமையின் வகைகள் கூடக் கூட ஆபத்தும் படிப்படியாக ஏறியது.

இங்கே நிலைமை என்ன? மத்திய அரசு 2007இல் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டு வெளியிட்ட ஆய்வில் 53 சதவீதம் பேர் ஏதாவதொரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். தமிழ்நாடு அதில் இல்லை. ஆனால் ஓராண்டு முன்பே, சென்னையின் ‘துளிர்’ அமைப்பு நகரத்தின் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் கேட்டிருந்தது. 42 சதவீதம். அதில் மனத்தை நிறுத்தும் எண் இன்னொன்று: பெண்பிள்ளைகளில் 39 சதவீதம், ஆண்பிள்ளைகளில் 48. ஆண்பிள்ளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில்தான் இது நடக்கிறது. பெண்பிள்ளை சொன்னால் மானம் போகும் என்று அடக்குகிறோம். ஆண்பிள்ளை சொன்னால் சிரித்துவிடுகிறோம். அவன் அந்தச் சிரிப்பை மறப்பதில்லை.

அந்தப் பிள்ளைக்கு உள்ளே நடப்பதை மருத்துவர்கள் ஓரளவு விளக்குகிறார்கள். ஆபத்து போனபின்னும் உடம்பு எச்சரிக்கை நிலையிலேயே நிற்கிறது. தூக்கம் கெடும், சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும், அல்லது எதுவுமே உறைக்காமல் மரத்துப்போகும். இதைத் தாங்க ஏதாவதொரு மயக்கமருந்து வேண்டியிருக்கிறது. ஒருவனுக்குச் சாராயம் கிடைக்கிறது, இன்னொருவன் பாலியல் கிளர்ச்சியைக் கண்டெடுக்கிறான், ஏனென்றால் அது எப்போதும் உடம்பிலேயே இருக்கிறது, காசு வேண்டாம். சில நிமிஷம் உலகம் மறந்துபோகும். பிறகு வெட்கம் வரும். அந்த வெட்கம் பழைய வெட்கத்தோடு போய் ஒட்டிக்கொண்டு இன்னும் கனமாகும். அந்தக் கனத்தை இறக்க மறுபடி அதே மருந்து. சிலருக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. கொடுமை செய்தவர் அன்பாகப் பேசி, பொருள் வாங்கிக் கொடுத்து, ரகசியம் என்று சத்தியம் வாங்கியிருப்பார். அன்பு, உடம்பு, ரகசியம் மூன்றும் அந்த வயதில் ஒரே முடிச்சாகிவிடுகின்றன. வளர்ந்தபின் அன்பு வேண்டும்போதெல்லாம் கை அந்த முடிச்சைத்தான் தேடுகிறது.

இதை எழுதும்போது இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுமைக்கு ஆளான பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதில்லை, அவர்கள் பிறருக்குக் கொடுமை செய்பவர்களாகவும் ஆவதில்லை. கெட்டுப்போன பிள்ளை கெட்டதுதான் செய்யும் என்ற ஊர்ப்பேச்சு, காயம்பட்டவர் மேல் மறுபடி கல்லெறிவது. அதேபோல இந்த நோய் வந்தவர் எல்லாருக்கும் பின்னால் அப்படியொரு கதை இருக்கும் என்றும் இல்லை. இல்லாத நினைவைத் தோண்டி எடுக்கப் பார்ப்பது சிகிச்சை ஆகாது. கேட்க வேண்டும், சொன்னால் நம்ப வேண்டும், சொல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

இன்னொரு மனவடுவை இந்தப் பேச்சில் எப்போதும் மறந்துவிடுகிறோம். அது மனைவியுடையது. கணவனின் கைபேசியை ஒருநாள் தற்செயலாகத் திறந்தவள், அல்லது கர்ப்ப காலப் பரிசோதனையில் ரத்தத்தில் நோய் என்று கேட்டவள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான், 1986இல். அதன்பின் வந்த ஆண்டுகளில் கணவனைத் தவிர யாரையும் அறியாத எத்தனையோ பெண்கள் அந்த நோயோடு வரிசையில் நின்றார்கள். கணவனுக்கு நோய் என்று மருத்துவர் சொல்லும்போது அவளுக்கு என்ன பெயர்? அவளுக்கும் தூக்கம் போகிறது, பழைய நாட்கள் எல்லாம் பொய்யாகத் தெரிகின்றன. அவன் நோயாளி என்பதற்காக அவள் பொறுத்துக்கொண்டுதான் ஆகவேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. தன் உடம்பைக் காத்துக்கொள்ளவும் வேண்டுமானால் விலகிப்போகவும் அவளுக்கு உரிமை உண்டு.

நோயும் குற்றமும் ஒரே ஆளுக்குள் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்ற கேள்வி 2024இல் நம் மாநிலத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சென்னை அம்பத்தூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் கைபேசியில் குழந்தைகளை வைத்து எடுத்த பாலியல் காட்சிகள் இருந்தன. விடலைப் பருவத்தில் ஆபாசப்படத்துக்கு அடிமையாக இருந்ததாக அவர் நீதிமன்றத்தில் சொன்னார். அந்த ஆண்டு ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தனிமையில் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது என்று வழக்கை ரத்து செய்தார். இந்தத் தலைமுறை பெரிய சிக்கலில் மாட்டியிருக்கிறது, அவர்களைத் திட்டித் தண்டிப்பதை விட்டுச் சமூகம் பக்குவத்தோடு வழிகாட்ட வேண்டும், இந்த இளைஞருக்கு இன்னும் பழக்கம் விடவில்லையென்றால் மனநல ஆலோசனைக்குப் போகட்டும் என்பது அவர் பார்வை. குழந்தை உரிமைக் கூட்டமைப்பு ஒன்று மேல்முறையீடு செய்தது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. அப்படிப்பட்ட காட்சிகளை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் சொல்லும் நோக்கத்தோடு வைத்திருப்பதே குற்றம், அழிக்காமலும் புகார் சொல்லாமலும் இருப்பது கணக்கில் வரும் என்றது. ‘குழந்தை ஆபாசம்’ என்ற சொல்லையே கைவிட்டு, குழந்தைகளைச் சுரண்டிக் கொடுமைப்படுத்தும் பதிவு என்று அழைக்கச் சொன்னது.

உச்ச நீதிமன்றம் சொன்னது சரி. அந்தத் திரையில் இருப்பது ஒரு நிஜக் குழந்தை. ஒவ்வொரு முறை யாரோ பார்க்கும்போதும் அந்தக் குழந்தைக்கு நடந்தது மறுபடி நடக்கிறது. பார்ப்பவரின் நோய் அந்தக் குழந்தையின் கணக்கில் எழுதப்படக் கூடாது. ஆனால் சென்னைத் தீர்ப்பில் இருந்த கவலை, அது தவறான இடத்தில் சொல்லப்பட்டிருந்தாலும், உண்மையான கவலை. உச்ச நீதிமன்றமும் அதை விட்டுவிடவில்லை. முறையான பாலியல் கல்வி வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு ஆதரவும் குற்றம் செய்தவருக்கு மறுவாழ்வும் வேண்டும் என்று அதே தீர்ப்பில் எழுதியது. தண்டனைப் பகுதி செய்தித்தாளில் வந்தது. கல்வி, மறுவாழ்வு பற்றிய பகுதி அவ்வளவாக வரவில்லை.

2005இல் பெர்லினின் சாரிடே மருத்துவமனை வேறொன்றைச் செய்து பார்த்தது. குழந்தைகள்மேல் இச்சை தோன்றுகிறது, ஆனால் எதுவும் செய்துவிடக் கூடாது என்று அஞ்சுகிறவர்களே வாருங்கள், ரகசியம் காப்போம், சிகிச்சை தருவோம் என்று விளம்பரம் செய்தது. ஆட்கள் வந்தார்கள். இங்கே போக்சோவின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்தாலும் நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் புகார் சொல்வதை எல்லார்மேலும் கடமையாக்குகிறது. குழந்தையைக் காக்க அது வேண்டியதுதான். ஆனால் இன்னும் எதையும் செய்யாத, செய்துவிடுவோமோ என்று நடுங்கும் ஒருவர் தைரியமாக வந்து உட்கார ஒரு நாற்காலியை நம் சட்டம் இன்னும் போட்டு வைக்கவில்லை. அது அந்த ஒருவருக்காக அல்ல, ஒரு குழந்தைக்காகவே வேண்டியிருக்கிறது.

சிகிச்சையில் மாயமில்லை, ஆனால் வழி இருக்கிறது. சுவீடனில் 137 ஆண்களை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஏழு வாரம் குழுவாக அளித்த உளவியல் சிகிச்சை தொல்லையைக் குறைத்தது. போலந்தில் 73 பேருக்கு 20 வாரம் பராக்ஸெட்டின் அல்லது நால்ட்ரெக்ஸோன் கொடுத்துப் பார்த்தார்கள், மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிடச் சில அளவீடுகளில் அவை பலன் தந்தன. முன்னது மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மருந்து, பின்னது குடிநோய்க்கு இங்கேயும் கொடுக்கும் மருந்து. பெரும்பாலான ஆய்வுகள் ஆண்களையே பார்த்திருக்கின்றன என்பது பெருங்குறை. மனவடு இருந்தால் அவசரப்படக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வகுத்த வரிசை இன்றும் கைகொடுக்கிறது: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவும் துக்கமும், பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்தல். தூக்கமும் சாப்பாடும் குடியும் சரியாகாமல் பழைய கதையைக் கிளறினால் ஆள் இன்னும் ஆழத்தில் போய்விடுவார்.

சாலவாக்கத்துக்காரருக்கு இதெல்லாம் எட்டுமா? எட்ட வேண்டிய தூரம் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவியின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், எதிரில் யார் முகமும் தெரியாது. குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. நான் அதிகம் நம்பிக்கை வைப்பது இன்னொரு இடத்தின்மேல். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கென்று இருக்கும் நம்பிக்கை மையங்கள்தான் அது. யாரோடு, எப்போது, எப்படி என்று முகம் சுளிக்காமல் கேட்கப் பழகிய ஆலோசகர்கள் நம் கிராமத்து அரசாங்கத்தில் இருக்கும் ஒரே இடம் அது. முப்பது ஆண்டு அனுபவம் அந்த மேசையில் இருக்கிறது. அவர்களுக்கு இந்த நோயையும் மனவடுவையும் அடையாளம் காணக் கற்றுக்கொடுத்து, மனநல மருத்துவரிடம் சீட்டு எழுதி அனுப்பச் சொன்னால் புதுக் கட்டடம் எதுவும் வேண்டாம்.

அந்த மேசையில் பேச்சு இப்படித் தொடங்கலாம். தூக்கம் எப்படி இருக்கு? குடிப்பழக்கம் உண்டா? வேறு நோய்க்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? நிறுத்தணும்னு எத்தனை தடவை நினைச்சீங்க? அது வர்றதுக்கு முன்னாடி மனசுல என்ன ஓடுது, கோபமா, தனிமையா, சும்மா வெறுமையா? வீட்டில அவங்களுக்குப் பரிசோதனை செய்யணும், எப்படிச் சொல்லலாம்னு சேர்ந்து யோசிப்போமா? அடுத்த கேள்வி வயதைப் பற்றியது. முதல்முதலாக இதெல்லாம் எப்போது தெரியவந்தது, எத்தனை வயசு, கூட யார் இருந்தாங்க? அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி, பதில் வர நேரமாகும்.